முதல் வீட்டின் மதிப்பு

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது மற்றொன்று. முன்னது சொந்த வீட்டின் தேவையை உணர்த்துகிறது. பின்னது அதனைப் பெறுவதில் உள்ள அருமையை உணர்த்துகிறது. "வீட்டை வாங்கிப்பார், பத்தாண்டு கழித்து விற்றுப்பார்" என்று நம் முன்னோர் சொன்னதாகத் தெரியவில்லை. அது நம் காலம் உண்டாக்கிக்கொண்ட பழமொழி எனலாம்.

சில திங்களுக்கு முன், ஒரு மாலைப்பொழுதில், என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் தம்மை மணக்கவிருக்கும் இளைஞரோடு என் இல்லத்துக்கு வந்தார். தமிழாசிரியர் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருப்பவர் அவர். இளைஞரின் கையில் ஒரு கோப்பு இருந்தது. அதனுள் இரண்டு வீடுகளைப் பற்றிய விவரங்கள். ஒன்று, மேற்கே உருவாகிவரும் தெங்காவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டித்தரும் புதிய வீடு. மற்றொன்று, தேக்காவில் ஒரு பழைய மறுவிற்பனை வீடு. மாணவியின் தாயார் தனியே வாழும் கட்டடத்திலிருந்து ஐந்து நிமிட நடைத் தொலைவில் இருப்பது. தேநீர் அருந்தியவுடன் இளைஞர் கேட்டார்: "ஐயா, இவ்விரண்டில் எந்த வீடு நீண்ட காலத்தில் மதிப்புக் கூடும்?"

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து, இப்போது வார இறுதித் தமிழ்ப் பள்ளியொன்றின் தலைமையாசிரியனாக இருப்பவன் நான். வீட்டு முகவர் அல்லன். ஆயினும் அந்த வினா என்னைப் பல நாள் விடவில்லை. 'மதிப்பு' என்று அவர் சொன்ன சொல்லுக்குப் பொருள் என்ன என்பதிலேயே என் மனம் நின்றுவிட்டது. ஒரு குடும்பம் தன் முதல் வீட்டை எதனைக் கொண்டு மதிப்பிடுதல் அறம்? அவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன்.

சொற்கள் உணர்த்துவன

தமிழாசிரியர்க்குச் சொல்லிலிருந்து தொடங்குவதே இயல்பு. 'விடு' என்னும் வினையடி முதனிலை நீண்டு 'வீடு' என்றாயிற்று. 'கெடு' என்பது கேடு ஆவதும், 'சுடு' என்பது சூடு ஆவதும் போன்றது இது. பணியை விட்டு இளைப்பாறும் இடம் வீடு. பற்றை விட்டு அடையும் பேறும் வீடு. ஆகவே வீடு என்னும் சொல்லிலேயே விடுதல் என்னும் குறிப்பு அடங்கிக் கிடக்கிறது. 'இல்' என்னும் சொல்லோ இல்லாள், இல்லறம், இல்வாழ்க்கை என்று மனிதரையும் அறத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. 'மனை'யும் அவ்வாறே, மனையிலிருந்து மனைவி பிறக்கிறாள், மனையறம் பிறக்கிறது.

இனி, விலை, மதிப்பு என்னும் இரு சொற்களை நோக்குவோம். 'வில்' என்னும் அடியிலிருந்து வருவது விலை. விற்கும்போதுதான் அது பிறக்கிறது. விற்காதவரை அது வெறும் கணிப்பே. 'மதி' என்னும் அடியிலிருந்து வருவது மதிப்பு. எண்ணுதல், நன்கு கருதுதல் என்பன அதன் பொருள். விலை நாம் வெளியேறும் நாளில் கைக்கு வருவது. மதிப்போ நாம் வாழும் நாள்தோறும் வந்துகொண்டிருப்பது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி 'நீண்டகால மதிப்பு' என்று நாம் பேசும்போது, பெரும்பாலும் நீண்ட காலம் கழித்துக் கிடைக்கும் விலையைத்தான் பேசுகிறோம்.

சொந்த வீடு ஏன் வேண்டும்?

அவ்வாறாயின் விலையை எண்ணுவதே இழிவு என்று கூறிவிடலாமா? கூடாது. அப்படிக் கூறுவோர், சொந்த வீடில்லாத வாழ்வு எத்தகையது என்பதை அறியாதவராகவே இருத்தல் கூடும்.

என் தந்தையார் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஊழியராகப் பணியாற்றியவர். குடியிருப்பு அப்பணியோடு சேர்ந்தே வந்தது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்று 1968இல் அறிவிக்கப்பட்டது. 1971இல் அது நிறைவேறியது. வேலை போனபோது வீடும் போயிற்று. அந்நாளில் தமிழர் பலர் இவ்வாறே இரண்டையும் ஒருங்கே இழந்தனர். ஊர் திரும்பியோரும் உண்டு. அப்போது நான் கைக்குழந்தை. எங்கள் குடும்பம் ஓர் ஓரறை வாடகை வீட்டில் ஒதுங்கியது. பத்தாண்டுக்குப் பின், 1980களின் தொடக்கத்தில், தேக்காவை ஒட்டி ஒரு மூவறை வீட்டை என் தந்தையார் வாங்கினார். குடிபுகுந்த அன்று அவர் செய்த முதல் வேலை, சுவரில் ஓர் ஆணி அடித்துத் தம் பெற்றோரின் படத்தை மாட்டியதுதான். "இனிமேல் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம்" என்றார். சொந்த வீடு மனிதனுக்குத் தரும் தன்மதிப்பை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

இந்நாட்டின் வீடமைப்பு வரலாறும் அந்த ஆணியின் வரலாறுதான். 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையால் பெருகிவந்த மக்களுக்குப் போதிய வீடுகளைக் கட்ட இயலவில்லை. 1960 பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழப் பதினாறாயிரம் பேரை வீடற்றவராக்கியது. கழகம் அங்கே விரைந்து அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. 1964இல் மக்கள் வீடுகளைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. 1968இல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீட்டுக் கடனை அடைக்கலாம் என்னும் ஏற்பாடு வந்தபின்னரே என் தந்தையார் போன்ற உழைப்பாளிகளுக்கு அது கைகூடிற்று. இன்று இந்நாட்டு மக்களுள் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் கழக வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாம் வாழும் வீட்டுக்கு உரிமையாளர்.

ஆகவே விலையை எண்ணுதல் பேராசையாகாது. சேமநிதி என்பது முதுமைக்கு வைத்த சோறு. அதனைக் கொண்டு வீடு வாங்குவோர், அந்தச் சோற்றைச் சுவராக மாற்றுகின்றனர். முதுமையில் சுவரை மீண்டும் சோறாக மாற்ற இயலுமா என்று கேட்பது பொறுப்புள்ளவர் கடமை.

தொண்ணூற்றொன்பது ஆண்டுகள்

அக்கடமையை ஆற்ற விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது குத்தகையின் தன்மை. கழக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியவை. குத்தகை முடியுமிடத்து நிலமும் வீடும் அரசைச் சேரும். வீடு என்பது விடுதற்கு உரியது என்று சொல்லிலக்கணம் கூறுவதை இங்கே சட்டமும் கூறுகிறது.

இது ஏட்டளவில் நிற்கும் விதி என்று பலர் எண்ணியிருந்தனர். கேலாங் லோரோங் 3இல் இருந்த 191 வரிசைவீடுகள் அவ்வெண்ணத்தை மாற்றின. அவை தனியார் வீடுகள். 60 ஆண்டுக் குத்தகைக்கு உரியவை. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அக்குத்தகை முடிந்தது. இழப்பீடு ஏதுமின்றி அவை அரசிடம் திரும்பின. வாழ்ந்த வீட்டை விட்டுச் செல்லும் முதியோரைப் பற்றிய செய்திகளை அந்நாளில் நாம் கண்டோம். பழைய கழக வீடுகளை எல்லாம் அரசு ஒருநாள் திரும்ப எடுத்துக்கொண்டு புதுவீடு தரும் என்னும் நம்பிக்கையும் பலரிடம் இருந்தது. அத்தகைய மறுமேம்பாட்டுத் திட்டம் 1995இல் தொடங்கியது உண்மையே. ஆனால் அது சென்றடைந்தது நூற்றுக்கு ஐந்து அளவான வீடுகளையே. எல்லாப் பழைய வீடுகளுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டும் என்று எண்ணி மிகுவிலை கொடுக்க வேண்டா என்று அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் 2017இல் வெளிப்படையாகவே எச்சரித்தார்.

குத்தகை தேயும் முறையும் நோக்கத்தக்கது. சிங்கப்பூர் நில ஆணையம் குத்தகை நிலத்தை மதிப்பிடப் பயன்படுத்தும் அட்டவணையொன்று உண்டு. 'பாலா அட்டவணை' என்று அதனை வழங்குகின்றனர்; நம் செவிக்குப் பழகிய பெயர். நிலையான உரிமையுள்ள நிலத்தின் மதிப்பு நூறு எனின், 99 ஆண்டுக் குத்தகை நிலம் 96 பெறும். 60 ஆண்டு எஞ்சியிருப்பின் 80. 30 ஆண்டு எஞ்சியிருப்பின் 60. முதல் 39 ஆண்டில் குறைவது 16. அடுத்த 30 ஆண்டில் குறைவது 20. எஞ்சிய 30 ஆண்டில் கரைவதோ 60. மெழுகுவத்தி போல அன்று, நீர்வீழ்ச்சியை நெருங்கும் ஆறு போல அது செல்கிறது. தொடக்கத்தில் தெளிவாகத் தோன்றும் நீரைக் கண்டு படகில் ஏறுவோர், ஆறு எங்கே விழுகிறது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

என்னைத் தேடி வந்த இருவரும் சுட்டிய தேக்கா வீட்டின் குத்தகையில் எஞ்சியிருந்தது ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டு. மாணவிக்கு வயது இருபத்தேழு. 2019 மே மாதத்தில் வந்த விதிப்படி, வாங்குவோருள் இளையவர் 95 வயது அடையும்வரை குத்தகை நீடித்தால்தான் சேமநிதியை முழு அளவில் பயன்படுத்தலாம்; இல்லையேல் பயன்படுத்தும் தொகை அதற்கேற்பக் குறையும். அவருக்கு அறுபத்தெட்டு ஆண்டு தேவை, இருப்பதோ ஐம்பத்தைந்து. எண்பத்திரண்டு வயதில் அவர் வீடற்றவராக நேரிடும். அவ்வயதில் மீண்டும் ஒரு வீடு தேடுவது எத்தகைய துன்பம் என்று விளக்க வேண்டியதில்லை.

மற்றொரு கணக்கும் உண்டு. வீடு வாங்கும் நாளில் சேமநிதியிலிருந்து ஒருவர் ஒரு லட்சம் வெள்ளி எடுத்தார் என்று கொள்வோம். இருபது ஆண்டு கழித்து அவர் வீட்டை விற்றால், ஆண்டுக்கு இரண்டரை விழுக்காட்டு வட்டியைக் கூட்டி, ஏறத்தாழ 1,63,900 வெள்ளியைத் தம் சேமநிதிக் கணக்குக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். அது அவர் பணமே, யாரும் பறித்துக்கொள்வதில்லை. ஆனால் "ஒரு லட்சத்துக்கு வாங்கினேன், ஒன்றரை லட்சத்துக்கு விற்றேன், ஐம்பதாயிரம் ஆதாயம்" என்று மகிழ்பவர் கணக்கில் ஒரு வரியை விட்டுவிட்டார் என்பது தெளிவு. அந்தப் பணம் வீட்டில் முடங்காமல் நிதியிலேயே இருந்திருந்தாலும் அதற்கு மேல் வளர்ந்திருக்கும்.

நான் செய்த பிழை

இவ்வளவும் கணக்கு. கணக்கு அறிந்தவன் பிழை செய்யான் என்று கூற முடியுமா? கணக்கை மட்டும் அறிந்து நான் செய்த பிழையை ஈண்டுச் சொல்லுதல் என் கடமை.

என் தந்தையார் மறைந்த பின், 1996இல், மறுவிற்பனை விலைகள் உச்சத்தில் இருந்தன. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து மணமும் புரிந்திருந்தேன். தேக்கா வீட்டை விற்றுவிட்டு, உட்லண்ட்சில் ஐந்தறை வீடு வாங்கலாம் என்று முடிவு செய்தேன். புதிய நகர், அவ்வாண்டுதான் ரயில் நிலையம் திறந்திருந்தது, விலை ஏறும் என்று எல்லாரும் கூறினர். வீடு அன்னையார் பெயரில் இருந்தது. அவர் கையொப்பமிட்டார். நான் அவரிடம் கையொப்பத்தைக் கேட்டேன், விருப்பத்தைக் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்தது; விலைகள் சரிந்தன. அந்த இழப்பை நான் சில ஆண்டுகளில் மறந்துவிட்டேன். மறக்க இயலாதது வேறொன்று. தேக்காவில் என் அன்னையார் காலை ஆறு மணிக்கு எழுந்து சந்தைக்குப் போவார். பூக்கடைக்காரப் பெண்மணி அவருக்கென்று ஒரு முழம் எடுத்து வைத்திருப்பார். வீரமாகாளியம்மன் கோயிலில் சற்றே அமர்வார். திரும்பும்போது அண்டைவீட்டு மலாய் மூதாட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறையாகவே தெரியும். ஆயினும் இருவரும் அரைமணி நேரம் பேசுவர். நோன்புப் பெருநாளில் அங்கிருந்து பலகாரம் வரும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். உட்லண்ட்சில் அவருக்குப் பெரிய அறை இருந்தது, சன்னல் இருந்தது, காற்று இருந்தது. ஒருநாள் அவர் சொன்னார்: "வீடு பெரியதுதான் தம்பி. கதவைத் திறந்தால் கூப்பிடத்தான் ஆளில்லை."

வெள்ளிக்கிழமைதோறும் ரயிலும் பேருந்துமாக மாறி மாறி அவர் தேக்காவுக்குச் சென்று வந்தார். முழங்கால் வலி மிகுந்தபின் அதுவும் நின்றது. 2003இல் லிட்டில் இந்தியாவில் ரயில் நிலையம் திறக்கப்பட்டபோது அதனைக் காண அவர் இல்லை. நான் வாங்கிய வீட்டின் விலை பிற்காலத்தில் ஏறத்தான் செய்தது. அந்த உயர்வை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

நிலைத்த உரிமையும் நிலையா இல்லமும்

குத்தகை வீடாக இருப்பதால்தானே இந்தக் கவலை. நிலையான உரிமையுள்ள வீடாயின் மதிப்பும் நிலைக்குமன்றோ என்று கேட்கலாம். செட்டிநாட்டுக்குச் சென்றோர் இதற்கு விடை அறிவர். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் நகரத்தார் எழுப்பிய மாளிகைகள், பர்மாவிலும் மலாயாவிலும் அவர்கள் ஈட்டிய செல்வத்தால் ஆனவை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகளில், ஒரு பெட்டியும் ஒரு பாயும் கொண்டு நெருக்கமாகத் தங்கி அவர்கள் சேர்த்த பொருளும் அவற்றுள் உண்டு. பர்மாத் தேக்கு, அயல்நாட்டுப் பளிங்கு, ஆத்தங்குடிக் கற்கள். மண்ணும் மனையும் எந்நாளும் அவர்களுடையவை. ஆயினும் இன்று அவற்றுள் பல ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பலராகிப் பராமரிக்க இயலாமல், தூணும் கதவும் தனித்தனியே விற்கப்பட்டவையும் உண்டு. உரிமை நிலைத்தது, இல்லம் நிலைக்கவில்லை.

சிலப்பதிகாரத்தை நாம் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். கோவலனுக்கும் கண்ணகிக்கும் அமைந்த முதல் வீடு எது? மகனும் மருமகளும் இல்லறம் பேணுதற்பொருட்டுக் கோவலனின் தாய் தனி மனை அமைத்துத் தந்தாள். அவர்கள் வாழ்ந்தது நெடுநிலை மாடம். அவ்வீடு கோவலனை நிறுத்தி வைக்கவில்லை. பின்னர் மதுரையில், மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியின் அடைக்கலத்தில், அவர்களுக்கு ஒரு சிறு மனை கிடைத்தது. அங்கே கண்ணகி தன் கையால் சமைத்து, கணவனுக்கு இலையில் உணவு படைத்தாள். அதுவே அவனுக்குக் கடைசி உணவாயிற்று. நெடுநிலை மாடத்தில் தொலைந்த இல்லறம், ஒருநாள் பொழுது அந்தச் சிறு மனையில் மீண்டது. வீட்டின் மதிப்பைப் பற்றி மாணவர்க்கு எடுத்துக்காட்ட இதனினும் சிறந்த இடம் வேறில்லை என்பேன்.

என் ஆதாயம் யார் சுமை?

இதுகாறும் வாங்குவோர் பக்கம் நின்று பேசினோம். அறநோக்கில் மற்றொரு பக்கமும் உண்டு. நான் விற்கும் விலை யாரோ ஒருவர் கொடுக்கும் விலை. அந்த ஒருவர் பெரும்பாலும் என்னைவிட இளையவர்; ஆசிரியனாகிய எனக்கு, அவர் என் மாணவராகவே இருத்தல் கூடும். எல்லா வீடுகளும் எந்நாளும் விலையேற வேண்டும் என்று ஒரு தலைமுறை விரும்புமாயின், அடுத்த தலைமுறை தன் முதல் வீட்டுக்கு இன்னும் பல ஆண்டு உழைக்க வேண்டும் என்றே அது விரும்புகிறது. இவ்விரு விருப்பங்களும் ஒன்றே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அரசு இதனை எண்ணிப் பார்த்ததன் அடையாளம் நம் தேக்காவுக்கு அருகிலேயே உள்ளது. நகர நடுவிலுள்ள வீடுகளை வாங்குவோர் விரைவில் விற்றுப் பெருந்தொகை ஈட்டுவதைத் தடுக்க, 2021இல் ஒரு புதிய முறை அறிமுகமாயிற்று. அதன்கீழ் முதலில் விற்பனைக்கு வந்தவை ரோச்சோரில் அமையும் 'ரிவர் பீக்ஸ்' வீடுகள். வழக்கமான ஐந்தாண்டுக்கு மாறாகப் பத்தாண்டு அங்கே வாழ்ந்த பின்னரே விற்கலாம். வீடு முழுவதையும் வாடகைக்கு விடலாகாது. முதன்முறை விற்கும்போது மறுவிற்பனை விலையில் ஆறு விழுக்காட்டை அரசுக்குத் திருப்பித் தர வேண்டும். 2024 அக்டோபர் முதல் இத்தகைய நிபந்தனைகள் மேலும் பல வட்டாரங்களுக்கு விரிந்தன. இவை உரிமையைக் குறைக்கின்றன என்று குறைகூறுவோர் உண்டு. பொதுப்பணத்தின் துணையால் மலிவாகப் பெற்றதை முழு விலைக்கு விற்கும் உரிமை ஒருவர்க்கு எவ்வாறு வந்தது என்று நான் கேட்பேன்.

நம்மவர்க்கு நெருக்கமான இன்னொரு செய்தியையும் மறைக்காமல் பேச வேண்டும். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு கட்டடத்திலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தாரும் எத்தனை விழுக்காடு வாழலாம் என்று வரம்பு வகுத்தது. 2010 முதல் இந்தியர் மற்றும் பிற இனத்தார்க்கு உரிய வரம்பு, வட்டாரத்தில் 12, கட்டடத்தில் 15. சீனர்க்குரிய வரம்பு நிரம்பிய கட்டடத்தில் ஓர் இந்தியர் தம் வீட்டை விற்க நேர்ந்தால், சீனர் அதனை வாங்க இயலாது. வாங்குவோர் தொகை சுருங்குகிறது, விலையும் குறைகிறது. இச்சுமை சிறுபான்மையினர்மீதே மிகுதியாக விழுகிறது என்பதை மறுக்க முடியாது. விற்க இயலாது தவிப்போரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ள 2022இல் வழி செய்யப்பட்டது இதனால்தான்.

ஆயினும் என் அன்னையாரின் வாசலில் அமர்ந்திருந்த மலாய் மூதாட்டியை நான் நினைக்கிறேன். இனந்தோறும் ஒரு பேட்டை என்று இந்நகர் பிரிந்து போயிருந்தால் அந்த அரைமணி நேரப் பேச்சு இருந்திராது. அதன் பயனை எல்லாரும் நுகர்கிறோம். எல்லாரும் நுகரும் பயனுக்குச் சிலர் மட்டும் விலை கொடுப்பது முறையா என்பதைத் தொடர்ந்து கேட்பது நம் உரிமை. பயனையே இல்லையென்று கூறுவது நன்றி மறத்தல்.

மூன்று வினாக்கள்

இவ்வாறு எண்ணியபின், என்னைத் தேடி வந்த இருவரையும் மீண்டும் அழைத்தேன். எந்த வீட்டின் விலை ஏறும் என்பதற்கு என்னிடம் விடை இல்லை என்றேன். ஆனால் மூன்று வினாக்கள் இருக்கின்றன என்றேன்.

முதல் வினா: வருவாய் குறைந்தாலும், உடல் தளர்ந்தாலும், இந்த வீடு உங்களைத் தாங்குமா? மாதத் தவணை மொத்த வருவாயில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டலாகாது என்பது கழக வீட்டுக் கடனுக்குள்ள விதி. அதை எல்லையாகக் கொள்ள வேண்டும்; இலக்காகக் கொள்ளலாகாது. குத்தகை உங்கள் ஆயுளைக் கடந்து நிற்க வேண்டும்.

இரண்டாம் வினா: இந்த வீட்டையும் உங்களையும் நம்பி வாழப்போகிறவருள் மிக எளியவர் யார்? குழந்தையா, முதியவரா? அவருடைய ஒருநாள், காலை முதல் இரவுவரை, இவ்வீட்டில் எவ்வாறு கழியும்? இதனை அவரிடமே கேட்டறிய வேண்டும். நாமாக எண்ணிக்கொள்வது போதாது.

மூன்றாம் வினா: ஒருநாள் இவ்வீட்டை விட்டுச் செல்லும்போது, அடுத்து வரும் இளையவரின் முகத்தைப் பார்த்து உங்கள் விலையைச் சொல்ல இயலுமா?

இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு மாணவியை நோக்கி, "உன் அம்மா காலையில் எத்தனை மணிக்குச் சந்தைக்குப் போவார்?" என்று கேட்டார். அவ்விருவரும் முதன்முதலாகச் சரியான கணக்கைத் தொடங்கினர் என்று எனக்குத் தோன்றிற்று.

அவர்கள் இறுதியில் வாங்கியது தெங்கா வீடும் அன்று, தேக்கா வீடும் அன்று. பூன் கெங்கில், எழுபது ஆண்டுக்கு மேல் குத்தகை எஞ்சிய, அவர்கள் எண்ணியதைவிடச் சிறிய வீடு. பெற்றோர்க்கு நான்கு கிலோமீட்டருக்குள் வீடு வாங்குவோர்க்கு அரசு தரும் மானியமும் அவர்களுக்குக் கிடைத்தது. அருகிருத்தலுக்கு அரசே ஒரு தொகை குறித்திருப்பது எண்ணத்தக்கது. விலை ஏறுமா என்று யாரும் உறுதி கூறவில்லை; அவர்களும் கேட்கவில்லை.

பால் காய்ச்சும் நாளில் நானும் சென்றிருந்தேன். லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டே நிறுத்தம். மாணவியின் தாயார் தனியாகவே ரயிலேறி, தேக்காவில் வாங்கிய ஒரு முழம் பூவோடு எங்களுக்கு முன்னரே வந்து சேர்ந்திருந்தார். அண்டைவீட்டுச் சீன மூதாட்டி ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அவரை உள்ளே வரும்படி கையசைத்து அழைத்தவர் அந்தத் தாயார்தான்.

மாணவர்களே, நீங்களும் ஒருநாள் முதல் வீடு தேடிச் செல்வீர்கள். அன்று குத்தகையைக் கணக்கிடுங்கள், கடனைக் கணக்கிடுங்கள். அதில் சோர்வு கூடாது. அக்கணக்கு முடிந்தபின், அவ்வீட்டின் கதவைத் திறந்தால் கூப்பிட ஆளிருக்குமா என்பதையும் கேளுங்கள். எனக்கு இருபத்தேழு வயதில் அதனைக் கேட்கச் சொல்லித்தர ஒருவர் இல்லை. உங்களுக்குச் சொல்வதற்கு நான் இருக்கிறேன்.